மோட்டார் காயில் கட்டும் கடைக்கு கூகுளில் விவரம் எழுதுவது எப்படி?

பம்ப்செட்_மகள்:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா உடுமலைப்பேட்டையில் மோட்டார் ரீவைண்டிங் கடை, அதாவது கருகிய மோட்டாரில் கம்பிச் சுருளைப் புதிதாகச் சுற்றித் தரும் கடை, வைத்திருக்கிறார். போர் மோட்டார், கிணற்று மோனோபிளாக், வீட்டு மோட்டார் எல்லாவற்றுக்கும் காயில் கட்டுவோம். புஷ், இம்பெல்லர், த்ரஸ்ட் பேரிங் மாற்றுவது போன்ற பம்ப் வேலையும் உண்டு. கடையில் அப்பாவும் இரண்டு ஆட்களும். சுற்றுவட்டாரத்தில் அப்பாவைத் தெரியாத பெரியவர்கள் குறைவு. ஆனால் இப்போது தோட்டத்தைப் பார்ப்பது அவர்களுடைய பிள்ளைகள், மோட்டார் நின்றதும் முதலில் போனை எடுத்துத் தேடுகிறார்கள், அங்கே நான்கு கடை வந்து நிற்கிறது, எதற்குக் கூப்பிடுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிடுகிறார்கள்.

கூகுளில் கடையைப் பதிந்து கொடுத்தவர் எழுதி வைத்த விவரம் இது:

"எங்கள் நிறுவனம் பல ஆண்டு அனுபவம் வாய்ந்த முன்னணி நிறுவனமாகும். அனைத்து விதமான மோட்டார் பழுதுகளும் திறமையான பணியாளர்களைக் கொண்டு சிறந்த முறையில், நியாயமான விலையில் சரிசெய்து தரப்படும். தரமே எங்கள் தாரக மந்திரம். வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் குறிக்கோள். ஒருமுறை வாருங்கள், வித்தியாசத்தை உணருங்கள்."

படிக்கும்போது பிழை என்று எதையும் காட்ட முடியவில்லை, ஆனால் இதில் எங்கள் கடை இல்லை. அப்பா கம்பியை எடுத்து கேஜ் (கம்பியின் தடிமன்) பார்த்து, பழைய காயிலில் எத்தனை சுற்று இருந்தது என்று எண்ணி, நோட்டில் எழுதி வைத்துக்கொண்டுதான் புதுசைச் சுற்ற ஆரம்பிப்பார். அந்த ஆள் இந்த எழுத்தில் எங்கேயும் தெரியவில்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது, எவ்வளவு நீளம் எழுதுவது?

இன்னொன்றும் கேட்கணும். மோட்டார் தூக்குவதற்கு ஒரு வண்டி வாங்கலாம் என்று வங்கியில் விசாரித்தோம். அங்கேயும் தொழிலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். இரண்டுக்கும் ஒரே எழுத்து போதுமா?

---

தக்காளிக்காடு:

அம்மிணி, நான் மடத்துக்குளம் பக்கம் தக்காளி போடுகிற ஆள். எழுதுகிற வித்தை எனக்குத் தெரியாது, கடையைத் தேடுகிறவன் மனதில் என்ன ஓடும் என்று மட்டும் சொல்கிறேன்.

மோட்டார் காயில் போவது சித்திரை வெயிலில்தான். தண்ணீர் கீழே இறங்கியிருக்கும், வோல்டேஜ் குறைந்திருக்கும், இல்லையென்றால் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஒரு பேஸ் போனது தெரியாமல் மோட்டார் முக்கிக்கொண்டே ஓடியிருக்கும். தென்னை என்றால் சில நாள் தாங்கும். பிஞ்சு பிடித்து நிற்கிற தக்காளி தாங்காது, இரண்டு நாள் தண்ணீர் தவறினால் பூவும் பிஞ்சும் கொட்டிவிடும். அந்த நேரத்தில் போனைப் பார்க்கிறவனுக்கு உங்கள் தாரக மந்திரம் எதற்கு?

எனக்கு வேண்டியது இதுதான். என் மோட்டார் 800 அடி போரில் கிடக்கிறது. அதைத் தூக்க ஆள் நீங்கள் அனுப்புவீர்களா, இல்லை நானே பிடித்துத் தூக்கி, வண்டி வைத்துக் கொண்டுவந்து போடணுமா? கொண்டுவந்தால் எப்போது கிடைக்கும்? அதுவரைக்கும் மாட்டி ஓட்ட ஸ்பேர் மோட்டார் தருவீர்களா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் மற்ற மூன்று கடைப் பக்கம் நான் திரும்பவே மாட்டேன். ஸ்பேர் மோட்டார் இருக்கிற கடை என்றால் பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் போவேன்.

அப்புறம் காப்பர். இதை யாருமே எழுதுவதில்லை, ஆனால் காயில் கட்டக் கொடுக்கிற ஒவ்வொரு விவசாயி மனதிலும் இருக்கிற விஷயம் இதுதான். புதுசாகச் சுற்றுவது முழுக்க காப்பரா, நடுவில் அலுமினியம் சேர்ந்துவிடுமா? பழைய காயிலில் இருந்து உருவிய காப்பர் யாருக்கு? ஒரு தடவை வெளியூர்க் கடை ஒன்றில் கொடுத்தேன். கிலோக்கணக்கில் வந்த பழைய காப்பரை அவர்களே வைத்துக்கொண்டார்கள், பில்லிலும் கழிக்கவில்லை. கேட்டதற்கு அதெல்லாம் கூலியில் சேர்ந்தது என்றார்கள். முன்னாலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் இல்லை, சொல்லாமல் செய்ததுதான் இன்னும் மனதில் நிற்கிறது. உங்கள் அப்பா இதில் எப்படி என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். அந்த ஒரு வரிக்காகவே ஆள் வருவான்.

---

கடைவீதி:

தக்காளிக்காடு ஐயா சொன்னதில் பாதி வேலை முடிந்துவிட்டது. நான் திருப்பூரில் சின்னக் கடைகளுக்கு கூகுள் பக்கங்களைப் பார்த்துக் கொடுக்கிறேன், அதனால் மீதிப் பாதியைச் சொல்கிறேன்.

முதலில் இடத்தின் அளவு. கூகுள் பிசினஸ் புரொஃபைலில் விவரத்துக்கு 750 எழுத்து வரை இடம். கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் தமிழில் எழுதும்போது ஒரு விஷயம் கவனிக்கணும். கணினி புள்ளியையும் கால், கொம்பு, சுழியையும் தனித்தனி எழுத்தாக எண்ணும். "மோட்டார்" நமக்கு நான்கு எழுத்து, அதற்கு எட்டு. அதனால் 750 என்பது தமிழில் எண்பது, தொண்ணூறு சொல்லோடு முடிந்துவிடும். இப்போது இருக்கிற விவரத்தில் பாதிக்கு மேல் அனுபவம், தரம், திருப்தி என்றே போய்விட்டது, மிச்சம் இருப்பதில் மோட்டார் என்ற சொல் ஒரே ஒரு தடவை வருகிறது. அதுவும் போனில் பார்க்கிறவருக்கு முழுவதும் விரிந்து தெரியாது, தொட்டால்தான் மீதி வரும். ஆகவே முதல் இரண்டு வரிக்குள் முக்கியமானது வந்துவிடணும்.

எது முக்கியம் என்று வீட்டில் உட்கார்ந்து யோசிக்காதீர்கள். கடை போனுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டை வையுங்கள். கூப்பிடுகிற ஒவ்வொருவரும் முதலில் என்ன கேட்கிறார் என்பதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "ஏழரை எச்.பி. பாப்பீங்களா", "இன்னிக்குக் குடுத்தா எப்பக் கிடைக்கும்", "ஞாயித்துக்கிழமை கடை உண்டுங்களா" என்று அப்படியே. கொஞ்ச நாளில் அதே நான்கைந்து கேள்வி திரும்பத் திரும்ப வருவது தெரியும். அந்தக் கேள்விகளுக்கான பதில்தான் உங்கள் விவரம். கேள்வி எந்த வார்த்தையில் வந்ததோ, பதிலும் அதே வார்த்தையில் இருக்கட்டும். உங்கள் ஊரில் காயில் கட்டுவது என்றால் காயில் கட்டுவது என்றே எழுதுங்கள், "மின்னோடி மறுசுற்று" என்று எழுதினால் யாருக்கும் உடனே பிடிபடாது.

எழுதி முடித்ததும் ஒவ்வொரு வரியையும் உங்களுக்குப் போட்டியான கடையின் பெயரைப் போட்டுப் படியுங்கள். பொருந்தினால் அந்த வரியை அடித்துவிடுங்கள். "நியாயமான விலை" யாருக்கும் பொருந்தும். "பழைய காப்பரை எதிரிலேயே எடை போட்டுத் தருவோம்" என்பது அப்படிச் செய்கிற கடைக்கு மட்டும்தான் பொருந்தும்.

இனி செய்யக்கூடாதவை. விவரத்துக்குள் இணையதள முகவரி போடக்கூடாது. தள்ளுபடி, ஆஃபர், விலை இவற்றை முன்வைத்து எழுதுவதையும் கூகுள் ஏற்பதில்லை. கடைப் பெயர் இருக்கும் இடத்தில் பலகையில் உள்ள பெயர் மட்டும் இருக்கணும். பெயரோடு "உடுமலை பெஸ்ட் மோட்டார் ரீவைண்டிங் போர்வெல் சர்வீஸ்" என்று ஒட்டி வைக்கிறார்கள், யாராவது புகார் கொடுத்தால் பக்கமே முடங்கும் அபாயம் உண்டு. முடங்கினால் திரும்ப வாங்குவதற்குள் சீசன் போய்விடும்.

அதே மாதிரி ஊர்ப் பெயர்களை விவரத்தில் வரிசையாக அடுக்காதீர்கள். உடுமலை, மடத்துக்குளம், குடிமங்கலம், தாராபுரம் என்று நீட்டினால் அந்த ஊர்த் தேடலில் எல்லாம் மேலே வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தேடலுக்கு எவ்வளவு பொருத்தம், எவ்வளவு தூரம், கடை எவ்வளவு பரவலாக அறியப்பட்டது, இந்த மூன்றை வைத்துத்தான் வரிசை என்று கூகுள் சொல்கிறது. நீங்கள் போய் வேலை செய்கிற ஊர்களைப் போட 'சேவைப் பகுதி' என்று தனி இடம் இருக்கிறது, அதில் 20 இடம் வரை சேர்க்கலாம், கடையிலிருந்து வண்டியில் 2 மணி நேரத்துக்கு மேல் போகாதபடி வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். தொழில் வகைக்கும் தனி இடம் உண்டு, முதன்மை வகை ஒன்று, கூடுதலாக ஒன்பது. இவற்றைச் சரியாக நிரப்பினால் விவரத்தில் இடம் மிச்சமாகும்.

பதிந்து கொடுத்தவர் பழைய 'மை பிசினஸ்' செயலியில் செய்திருந்தால் அதைத் தேடாதீர்கள். 2021-ல் பெயர் மாறி, அடுத்த வருடம் அந்தச் செயலியையும் நிறுத்திவிட்டார்கள். கடையின் கணக்கில் நுழைந்து தேடலிலோ மேப்ஸிலோ கடைப் பெயரை அடித்தாலே திருத்தும் பக்கம் வரும். அந்த ஜிமெயில் கணக்கு உங்கள் கையில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல கடைகளுக்கு அது பதிந்து கொடுத்தவர் கையிலேயே இருக்கிறது.

---

இருமொழி:

குறுக்கே ஒரு சந்தேகம். தமிழில் மட்டும் எழுதினால் போதுமா? எங்கள் பக்கம் தோப்பு வாங்கிப் போட்டிருக்கிறவர்களில் கேரளாக்காரர்கள் நிறைய, பெங்களூரில் இருந்துகொண்டு மேனேஜர் வைத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

---

கடைவீதி:

உங்களைக் கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் எந்த மொழியில் பேசுகிறார்களோ அதில் எழுதுங்கள். உடுமலையில் அது தமிழ்தான். கடைசியில் என்ன வேலை செய்கிறோம், எத்தனை எச்.பி. வரை என்பதை மட்டும் ஆங்கிலத்தில் ஒரே வரியாகச் சேர்த்தால் போதும், முழுவதையும் இரண்டு மொழியிலும் எழுத அங்கே இடம் கிடையாது.

---

ஸ்பேனர்:

நான் இதே தொழிலில் இருக்கிறவன், ஈரோடு பக்கம். கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். விவரத்தைப் படித்துவிட்டு எங்கள் கடைக்கு வந்தேன் என்று சொன்ன ஆள் ரொம்பக் குறைவு. படம்தான் பார்க்கிறார்கள். அதுவும் கடை முகப்பும் திறப்பு விழா மாலையும் இருக்கிற படம் உதவாது. கருகிய காயிலை உருவிப் போட்டது, காயில் உட்காரும் ஸ்லாட்டைச் சுத்தம் செய்து பேப்பர் வைத்தது, புதுக் காயில் சுற்றி முடித்தது, இந்த மூன்றையும் ஒரே மோட்டாரில் எடுத்துப் போடுங்கள். விவசாயிக்கு அந்த வேலை தெரியும், பார்த்ததுமே கை எப்படி என்று கண்டுபிடித்துவிடுவார். வேலை கொடுத்தவர் கடைப் பக்கத்தில் ஏதாவது நல்லதாக எழுதிவிட்டுப் போனால் அதற்குப் பதில் எழுதுங்கள். அங்கே "நன்றி சார்" என்று முடிக்காமல், "அந்த ஏழரை எச்.பி.க்கு த்ரஸ்ட் பேரிங்கும் போயிருந்தது, மாற்றியிருக்கிறோம், ஸ்டார்ட்டரில் ஒரு பேஸ் போனால் தடுக்கிற ரிலே மாட்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதினால் அதைப் படிக்கிற அடுத்த ஆளுக்கு அதுதான் நல்ல விவரம்.

ஆனாலும் விவரம் எழுதத்தான் வேண்டும், இரண்டு கடைக்கு நடுவில் தயங்கி நிற்கிறவர் அதைத் திறந்து பார்ப்பார். அதில் என் ஒரே எச்சரிக்கை, சித்திரையில் காப்பாற்ற முடியாத வாக்கை ஐப்பசியில் உட்கார்ந்து எழுதாதீர்கள். மழைக்காலத்தில் கடை சும்மா இருக்கும், அப்போது "24 மணி நேரத்தில்" என்று எழுதத் தோன்றும். வெயில் காலத்தில் வாசலில் பதினைந்து மோட்டார் கிடக்கும்போது அதே வரியைக் காட்டி ஒருவர் சண்டை போடுவார், அவர் பக்கம்தான் நியாயம் இருக்கும். சீசனில் எவ்வளவு நாள், மற்ற நாளில் எவ்வளவு என்று பிரித்தே எழுதுங்கள்.

கேரண்டியும் அப்படித்தான். "ஆறு மாத கேரண்டி" என்று மொட்டையாக எழுதினால் தண்ணீர் இல்லாமல் ஓட்டிக் கருக்கியதும் உங்கள் தலையில் வந்து விழும். காயிலுக்கு மட்டும், தண்ணீர் இல்லாமல் ஓடியதற்கும் ஒரு பேஸில் ஓடியதற்கும் கிடையாது என்று தெளிவாகச் சொல்லணும். விவரத்தில் இடம் இல்லையென்றால் பில்லில் அச்சடியுங்கள், அரைகுறையாக விவரத்தில் போடாதீர்கள்.

கம்பெனி பெயர் விஷயத்திலும் கவனம். டெக்ஸ்மோ, சி.ஆர்.ஐ., சுகுணா எல்லாம் பார்ப்போம் என்று சொல்வது வேறு, அவர்களின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் என்று போடுவது வேறு. கையில் கடிதம் இல்லாமல் இரண்டாவதை எழுதக்கூடாது. அதே போல வாரண்டியில் இருக்கிற மோட்டாரை நாம் பிரித்தால் அவருக்கு வாரண்டி போய்விடும். "வாரண்டி இருந்தால் கம்பெனிக்கே கொண்டுபோங்கள்" என்று நானே கடையில் எழுதி வைத்திருக்கிறேன். அப்படித் திருப்பி அனுப்பியவர்கள் வாரண்டி முடிந்ததும் நம்மிடம்தான் வருகிறார்கள்.

---

ஓய்வுபெற்ற_கிளை:

வங்கிக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை என்பதால் நான் சொல்கிறேன். கிராமப்புறக் கிளைகளில் கடன் மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மகளே, ஒரே எழுத்தை இரண்டு இடத்துக்கும் கொடுக்காதீர்கள். தோட்டக்காரருக்குத் தன் மோட்டார் எப்போது ஓடும் என்று தெரியணும். கடன் மேசையில் இருப்பவருக்கு வைகாசியில் வருகிற பணம் கார்த்திகைத் தவணையையும் கட்டுமா என்று தெரியணும்.

அதனால் அங்கே மாதவாரியாக எழுதுங்கள். மாசி முதல் வைகாசி வரை மாதத்துக்கு எத்தனை மோட்டார், மழை மாதங்களில் எத்தனை, ஒரு ஐந்து எச்.பி. காயில் கட்ட என்ன வாங்குகிறீர்கள், அதில் கம்பிக்கு எவ்வளவு போகிறது, ஆள் கூலி எவ்வளவு, மிச்சம் எவ்வளவு. காப்பர் விலை ஏறி இறங்கும்போது கூலியை எப்படி மாற்றுகிறீர்கள் என்பதும் வரட்டும், ஏனென்றால் அதைத்தான் நான் முதலில் கேட்பேன். வெள்ளாமை எடுத்துத் தருகிறேன் என்று நிற்கிற பாக்கி எல்லாக் கடையிலும் இருக்கும், அதை மறைக்காமல் எவ்வளவு, எத்தனை மாதத்தில் வசூலாகிறது என்று எழுதுங்கள். மறைத்தால் வரவும் பில்லும் பொருந்தாமல் மேசையில் தெரிந்துவிடும்.

பிறகு வண்டி. இப்போது மோட்டார் தூக்க வெளியாளுக்குக் கொடுக்கிற தொகை, மாதத்தில் எத்தனை முறை, சொந்த வண்டி வந்தால் அது எவ்வளவு மிச்சமாகும் அல்லது புதிதாக எவ்வளவு வரும். கடன் கேட்பதற்கான காரணமே இதுதான், இதைக் கடைசிப் பத்தியில் ஒளித்து வைக்காமல் மேலேயே சொல்லுங்கள். "தரமே தாரக மந்திரம்" வகை வரிகள் இந்தப் பக்கத்தில் ஒன்றுகூட வேண்டாம்.

சிறு தொழிலுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தில் கேட்பதாக இருந்தால் 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், 5 முதல் 10 லட்சம் வரை தருண். தருண் வாங்கி ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தரலாம் என்று 2024 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் முதலில் அதை முடியுங்கள். அரசுத் தளத்தில் ஆதார் எண்ணை வைத்து இலவசமாகவே செய்யலாம், பணம் கேட்கிற தளங்கள் அரசுத் தளம் இல்லை. அதில் கொடுக்கிற தொழில் விவரமும், நீங்கள் வங்கியில் கொடுக்கிற பக்கமும், பில் புத்தகத்தில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும். பெயரில் ஒரு எழுத்து மாறினாலும் அதற்கு ஒரு கடிதம் கேட்பார்கள்.

---

பம்ப்செட்_மகள்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வங்கிப் பக்கத்தைத் தனியாகவே எழுதப் போகிறேன் ஐயா, மாதக் கணக்கு அப்பாவின் நோட்டிலேயே இருக்கிறது, எடுத்து அடுக்கினால் போதும். கணக்கு ஜிமெயிலையும் பார்த்துவிட்டேன், எங்கள் கையில்தான் இருக்கிறது.

தக்காளிக்காடு ஐயா கேட்ட கேள்விகளை அப்பாவிடம் அப்படியே படித்துக் காட்டினேன். காப்பர் கேள்விக்கு அவர் சொன்னது, "அவங்க மோட்டார்ல இருந்து எடுத்தது அவங்களுதுதான், இதுல எழுதறதுக்கு என்ன இருக்கு". கடை ஆரம்பித்ததிலிருந்து எடை போட்டுத்தான் கொடுக்கிறாராம், வேண்டாம் என்றால் பில்லில் கழித்துவிடுவார். அவருக்கு அது சொல்லவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. ஸ்பேர் மோட்டாரும் அப்படித்தான், ஐந்திலும் ஏழரையிலும் ஒவ்வொன்று மூலையில் நிற்கிறது, கேட்டால் கொடுப்பார், கேட்காதவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இப்படி எழுதியிருக்கிறேன், 750-க்குள் வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

"உடுமலை தாராபுரம் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை. போர் மோட்டார், கிணற்று மோனோபிளாக், வீட்டு மோட்டார் எல்லாம் பார்க்கிறோம், 1 முதல் 15 எச்.பி. வரை. காப்பர் கம்பி மட்டும்தான். பழைய காப்பரை உங்கள் எதிரிலேயே எடை போட்டுத் தருவோம் அல்லது பில்லில் கழிப்போம். காலையில் வந்த 5 எச்.பி. மோட்டார் பெரும்பாலும் மறுநாள் மாலை கிடைக்கும், சித்திரை வைகாசியில் ஒரு நாள் கூடும். அதுவரை ஓட்ட 5, 7.5 எச்.பி. ஸ்பேர் மோட்டார் உண்டு, இருக்கிறதா என்று போனில் கேட்டுவிட்டு வாருங்கள். மோட்டார் தூக்க ஆள் அனுப்புவோம், அந்தக் கூலி தனி. கம்பெனி வாரண்டியில் உள்ள மோட்டாரைப் பிரிக்க மாட்டோம். ஞாயிறு மதியம் வரை கடை உண்டு."

---

தக்காளிக்காடு:

இதைப் பார்த்தால் நான் கூப்பிடுவேன். ஸ்பேர் மோட்டாரை மட்டும் இன்னும் மேலே தூக்குங்கள் அம்மிணி, கீழே வரைக்கும் படிக்கிற பொறுமை அந்த நேரத்தில் இருக்காது.

---

கடைவீதி:

நல்லா வந்திருக்கிறது. ஐயா சொன்னபடி ஸ்பேர் மோட்டார் வரி இரண்டாவதாக வரட்டும், அதற்குப் பின்னால் எத்தனை நாள், அப்புறம் காப்பர். முதல் வரியில் தாராபுரம் ரோடு வேண்டாம், முகவரி தனியாகத் தெரியும். ஞாயிறு வரியையும் எடுத்துவிட்டு, கடை நேரம் இருக்கிற இடத்தில் ஞாயிறுக்கு மதியம் வரை என்று மாற்றுங்கள். அங்கே 'மூடப்பட்டது' என்று இருந்தால் விவரத்தில் என்ன எழுதியிருந்தாலும் யாரும் கூப்பிட மாட்டார்கள், இப்போது உங்கள் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று உடனே பாருங்கள். இந்த இரண்டையும் எடுத்தால் கிடைக்கிற இடத்தில் பழைய சுற்றை எண்ணி, அதே கேஜ் கம்பியில் கட்டுகிறோம் என்பதைச் சேர்த்துவிடலாம். நீங்கள் முதல் பதிவிலேயே அப்பாவைப் பற்றிச் சொன்ன விஷயம் அது, புது விவரத்தில் விட்டுப்போயிருக்கிறது. ஸ்பேனர் சொன்ன படங்களை அடுத்து வருகிற மோட்டாரிலேயே எடுத்துவிடுங்கள்.

---

பம்ப்செட்_மகள்:

ஞாயிறு 'மூடப்பட்டது' என்றுதான் இருந்தது. இப்போதே மாற்றிவிட்டேன். சுற்று எண்ணும் வரியையும் சேர்த்து, ஸ்பேர் மோட்டாரை மேலே கொண்டுவந்து இன்று மாலை ஏற்றிவிடுகிறேன். காலையில் ஒரு ஏழரை எச்.பி. வந்திருக்கிறது, அப்பா இன்னும் பிரிக்கவில்லை, படத்தை அதிலேயே ஆரம்பிக்கிறேன்.